அசனாலி அத்தா பெயருக்குப் போன மின்னஞ்சல்

பெயர் தலாய்பெக் உசேனோவ். தகப்பனார் பெயர் உசேன். வயது முப்பத்தெட்டு. விலாசம்: நரீன் மாகாணம், கோக்-செங்கிர் கிராமம், ஆற்றுத் தெரு, பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு. தொழில்: கிராம நிர்வாக அலுவலகத்தில் கணினி வேலை. மற்ற நேரத்தில் ஊரில் யார் வீட்டு டிவி, போன் கெட்டாலும் போய்ப் பார்ப்பேன். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் கிடையாது.

எங்கள் அலுவலகத்து ஸ்கேன் இயந்திரத்தை குபாத் அசனாலியெவ் என்பவர் உடைத்தார் என்றும், அரசு ஊழியரான என்னை இரும்புக் கம்பியால் அடிக்க வந்து கூச்சலிட்டு மிரட்டினார் என்றும் ஊர்த் தலைவர் ஜுமாலி கொடுத்த புகாரின் பேரில் நான் சாட்சியாக அழைக்கப்பட்டு, விசாரணை அதிகாரி முன்னிலையில் இதைச் சொல்கிறேன். குபாத் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இப்போது ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்க் நகரத்துக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். அவர் மேல் வழக்குப் பதிவானால் மறுபடி ரஷ்யாவுக்குள் விட மாட்டார்கள், அவர் மனைவியும் கைக்குழந்தையும் நடுத்தெருவில் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நண்பனைத் தப்பவைக்கப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததை முதலிலிருந்து சொன்னால் என் மானம்தான் போகும். அது போகட்டும்.

சென்ற வசந்தத்தில் மாவட்டத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தது. ஆவணத்தைப் பதிவு செய்து, ஸ்கேன் எடுத்து, அதிலிருந்தே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம் என்றார்கள். மேய்ச்சல் நில ரசீது, குடும்பச் சான்று என்று நகல் கேட்டு ஜனங்கள் வாசலில் குதிரையைக் கட்டிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது தலைவருக்கு ஆகாது. அண்ணன் முறையில் நான் பைகே என்று அழைக்கும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா தலாய்பெக், இதை உன்னால செட் பண்ண முடியுமா, இல்ல மாவட்டத்துலருந்து ஆளைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு பைகே ஆளு? இதெல்லாம் எனக்கு டீ குடிக்கிற மாதிரி."

உண்மையில் எனக்கு அது தெரியாது. அலுவலக மின்னஞ்சலின் பாஸ்வேர்டைப் போட்டால் மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். சர்வர் பெயர் கேட்டது, போர்ட் எண் கேட்டது, பாதுகாப்பு எந்த வகை என்று கேட்டது. போட்டதெல்லாம் தப்பு என்று சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் என் மச்சானுக்கு வெளியே போய் ரகசியமாகப் போன் செய்து, அவன் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து போட்டேன். அதன் பிறகு சோதனைக்காக அனுப்பிய முதல் கடிதம் தலைவரின் போனில் டிங் என்று வந்து விழுந்தது. அவர் எழுந்து வந்து என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். பதிவு எழுத்தராக இருக்கும் புரூல் எஜே, எனக்கு அக்கா முறை, வீட்டிலிருந்து பொரித்த மாவுருண்டையும் கிரீமும் கொண்டுவந்தார். நான் பெரிய ஆள் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு வேலைதான் மிச்சம். ஆவணம் பதிவானதும் உரியவருக்குத் தானாகவே நகல் போக வேண்டும் என்றால், எந்தெந்த ஆவணத்துக்கு என்று டிக் போட வேண்டும். அந்தப் பட்டியல் ரஷ்ய மொழியில், திரை கொள்ளாமல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கச் சோம்பல்பட்டு 'எல்லாம்' என்பதில் டிக் போட்டேன். போடும்போது கீழே மரணப் பதிவும் இருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். புரூல் எஜேயும் பார்த்தார்.

"இதுக்கும் போகுமாப்பா?"

"போனா போகுது எஜே. செத்தவரு எழுந்து வந்தா மெயிலைத் திறந்து பார்க்கப் போறாரு?"

அவர் வாயில் மாவுருண்டையோடு சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு கடிதத்தின் வாசகத்தையும் நானே எழுதினேன். 'மதிப்புக்குரியவரே, தாங்கள் எதிர்பார்த்திருந்த ஆவணம் தயார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். தங்கள் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மீண்டும் வருக.' எல்லா ஆவணத்துக்கும் அதே வாசகம். தலைவர் படித்துவிட்டு, மரியாதையாக இருக்கிறது என்றார்.

அதன் பிறகு வீடு வீடாகப் போய் மின்னஞ்சல் முகவரி வாங்கினேன். ஊரில் இருக்கும் பெரியவர்கள் யாருக்கும் மின்னஞ்சல் கிடையாது. மாஸ்கோவிலோ கொரியாவிலோ இருக்கும் மகன், மகளின் முகவரியைத்தான் கொடுத்தார்கள், நானும் அதைப் பெரியவர்களின் பெயருக்கு நேரே போட்டுக்கொண்டேன். குபாத்தின் தகப்பனார் அசனாலி அத்தா தொழுவத்தில் குதிரைக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"எம் பையன் பேருக்கே அனுப்பு. அவன் படிச்சிட்டு போன்ல எனக்குச் சொல்லுவான். அந்தச் சாக்குலயாவது பேசுவான்ல."

அப்படியே நடந்தது. அலுவலகத்திலிருந்து எந்தக் காகிதம் போனாலும் குபாத் வேலைக்கு நடுவிலும் உடனே திறந்து பார்த்து, தகப்பனாருக்குப் போன் செய்து வரி வரியாகப் படித்துக் காட்டுவார். அசனாலி அத்தா கடைத்தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்த காகிதம் எப்போப்பா அனுப்புறே?" என்று கேட்பார். குபாத் எங்கள் மின்னஞ்சலைத் தவறாமல் திறப்பவர் என்பது எனக்கு அப்போதே தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் ஒரு காலையில் குபாத்தின் மனைவி என் வீட்டுக் கதவைத் தட்டினார். மாமனாருக்கு நெஞ்சு அடைக்கிறது, வண்டியை எடுங்கள் என்றார். கைக்குழந்தையை விட்டு அவரால் வர முடியவில்லை. ஆகவே நானும் அசனாலி அத்தாவும் மட்டும் மாவட்ட மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். வழியிலேயே அவர் இறந்துபோனார். வண்டியில் அவர் பேசியதை இந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் சொல்கிறேன் என்றதற்கு அதிகாரி சம்மதித்தார்.

அதன் பிறகு ஊர் கூடியது. வீட்டு முற்றத்தில் கூடாரம் எழுந்தது. அசனாலி அத்தாவின் அண்ணன் இசாபெக் அத்தா, குபாத்துக்குப் போன் செய்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க ஆசைப்படுகிறார், உடனே கிளம்பு என்று மட்டும் சொன்னார். வெளியூரில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியைத் தனியாக இருக்கும்போது சொல்ல மாட்டோம். அவன் ஊர் எல்லைக்கு வந்ததும் பெரியவர்கள் எதிரே போய், இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு, நேருக்கு நேர் சொல்ல வேண்டும். அதுவரை வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று இசாபெக் அத்தா எல்லாரிடமும் சொன்னார். ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. கடைக்காரி தமாராகூட ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாயைக் கட்டியது எங்கள் ஊர் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகல் அடக்கத்துக்கான காகிதம் வேண்டும் என்பதால் புரூல் எஜே மரணத்தைப் பதிவு செய்து, டாக்டரின் சீட்டை ஸ்கேன் எடுத்தார். மாலையில் நான் அலுவலகத்துக்குப் போனபோது அனுப்பிய கடிதங்களின் வரிசையில் மேலே அசனாலி அத்தாவின் பெயர் இருந்தது. உள்ளே என் வாசகம். 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' அந்த நேரம் குபாத் விமான நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருப்பார், இன்னும் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அங்கே 'கடிதத்தைத் திரும்பப் பெறு' என்று ஒரு பட்டன் இருப்பதைப் பார்த்து, யோசிக்காமல் அழுத்தினேன். போன கடிதம் திரும்பி வரவில்லை. 'அனுப்புநர் கீழ்க்கண்ட கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறார்: அசனாலி, மரணப் பதிவு' என்று இன்னொரு கடிதம் அவருக்குப் போனது.

அப்போதே நான் ஓடிப்போய் இசாபெக் அத்தாவிடம் சொல்லியிருந்தால், பிஷ்கெக்கில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது விமான நிலையத்துக்குப் போய் குபாத்தைப் பிடித்திருப்பார்கள். பையனைத் தனியாக விட்டிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அசிங்கப்பட வேண்டியிருக்கும் என்று பயந்தேன். இரவு முழுக்கப் பயணத்தில் இருப்பார், காலையில் அவசரத்தில் மின்னஞ்சலை எவன் பார்க்கப் போகிறான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் பாலத்தருகே வளைவில் நாங்கள் காத்திருந்தோம். இடது கையைப் பிடிக்க இசாபெக் அத்தா என்னைத்தான் நிறுத்தினார். சேர்ந்து படித்தவன் என்பதால். வாடகைக் கார் வந்து நின்றது. குபாத் தோளில் பையோடு இறங்கி எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. இசாபெக் அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"குபாத், நாங்க இத்தனை பேரும் ரோட்டுல வந்து நிக்கிறோம்னா..."

"தெரியும் பெரியத்தா. ஆபீஸ்ல இருந்து மெயில் வந்துச்சு."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. முறைப்படி பார்த்தால் மகன் அந்த இடத்திலேயே கதறி, வீடு வரைக்கும் அழுதுகொண்டே ஓட வேண்டும். குபாத் பையைக்கூடக் கீழே வைக்காமல் நடந்துபோனார். கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் கம்பை ஊன்றிக் குனிந்து நின்று சத்தமாக அழும் வரிசையில் அவரும் நின்றார், ஆனால் அவரிடமிருந்து சத்தம் வரவில்லை. அடக்கத்தின்போதும் வரவில்லை. இழவு விருந்துக்குக் குதிரை அறுத்தபோது அவர் ஒரு ஓரமாக நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் அதையே பேசினார்கள். தமாரா கடையில் வைத்து என் காதுபடச் சொன்னது: "ரஷ்யாவுக்குப் போனவனுக்குக் கண்ணீரும் உறைஞ்சு போச்சு போல. பெத்தவனுக்கு அழாதவன் வேற யாருக்கு அழப்போறான்?"

இசாபெக் அத்தா என்னைத் தனியே கூப்பிட்டு, மின்னஞ்சல் போனது முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது பொய். இந்த வாக்குமூலம் அவர் கைக்குப் போகும் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு ஏழாம் நாள் சடங்கு முடிந்து, குபாத் அலுவலகத்துக்கு வந்தார். வேலை செய்யும் இடத்தில் காட்டத் தகப்பனாரின் மரணச் சான்று வேண்டும் என்றார். தலைவர் மாவட்டத்துக்குப் போயிருந்தார், புரூல் எஜே சாப்பிடப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எந்த மெஷின்டா அனுப்புச்சு?"

நான் ஸ்கேன் இயந்திரத்தைக் கைகாட்டினேன். நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல அந்த நிமிடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. பாவம், அந்த இயந்திரம் காகிதத்தைப் படம் பிடித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. குபாத் கரி அடுப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்து அதை அடித்தார். கண்ணாடி நொறுங்கியது. மூடி பறந்துபோய் ஜன்னலோரம் விழுந்தது. நான் தடுக்கவில்லை. பழியை அதன் தலையில் போட்டது நான் என்பதால் இயந்திரம் உடைந்ததற்கும் நானே பொறுப்பு என்று சொல்கிறேன்.

அதன் பிறகும் அவர் நிறுத்தாமல் அடித்ததால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"குபாத், அது இல்லடா. நான்தான். எல்லாத்துக்கும் டிக் போட்டது நான். அந்த வாசகமும் நான் எழுதினதுதான்."

அவர் கம்பியை ஓங்கியபடியே என் பக்கம் திரும்பினார். அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் தன் கடையிலிருந்து தமாரா ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான். அவர் பார்த்தது பொய் இல்லை. ஆனால் கம்பி என் மேல் படவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டாவது மெயிலும் நீதானா?"

"ஆமாடா."

"அதைப் பார்த்து நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தப்பா அனுப்பிட்டாங்க, அதான் திருப்பிக் கேக்குறாங்கன்னு நினைச்சேன். அத்தா உயிரோட இருக்காருன்னு நினைச்சேன்டா. கார்ல கூட வந்தவங்களுக்கெல்லாம் ஆப்பிள் வாங்கிக் குடுத்தேன். வந்ததும் உன்னைப் பிடிச்சு நல்லாத் திட்டணும்னு சிரிச்சிட்டே வந்தேன். வளைவுல உங்களை எல்லாம் பார்க்கிற வரைக்கும்."

அவர் கையிலிருந்த கம்பி தானாகவே நழுவித் தரையில் விழுந்தது.

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதனால எவனும் எனக்கு எதுவும் சொல்லலை. அவர் எப்படிப் போனாருன்னுகூடச் சொல்லலை. வண்டியில கூட இருந்தவன் நீதானே? சொல்லு. முறையாச் சொல்லு."

நான் பெரியவனும் இல்லை, அந்தச் செய்தியைச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால் அந்த வண்டியில் வேறு யாரும் இருக்கவில்லை. ஆகவே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, முன்பு சொல்லாமல் விட்டதை அவரிடம் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

"குபாத், உங்க அத்தா நம்மளை விட்டுப் போயிட்டாரு. பின் சீட்டுல படுக்க மாட்டேன்னு முன்னாடிதான் உட்கார்ந்தாரு. உன் வண்டி கிழட்டுக் கழுதை மாதிரி உதைக்குதேன்னு என்னைத் திட்டினாரு. ஜன்னலை இறக்கச் சொன்னாரு. மேட்டுல குதிரைங்க நின்னுச்சு, அதுல ஒண்ணு நொண்டுதுன்னு அவர்தான் முதல்ல பார்த்தாரு. அப்புறம், 'குபாத்துக்கு இப்போ மெயில் எதுவும் போட்டுடாதே, ராத்திரி வேலை முடிச்சுப் படுத்திருப்பான், தூங்கட்டும்'னாரு. சரி அத்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் தலையை என் தோள்ல சாய்ச்சாரு. தூங்குறாருன்னு நினைச்சேன்டா. எழுப்பக் கூடாதுன்னு குழி பார்த்து மெதுவா ஓட்டிட்டே போனேன்."

அப்போதுதான் குபாத் அழுதார். "என் அத்தாவே, என் அத்தாவே" என்று அலுவலகம் அதிரக் கதறினார். கால் நிற்காமல் சரிந்தார். நான் கையை விடாமல் அவரோடு சேர்ந்து உடைந்த கண்ணாடி மேலேயே உட்கார்ந்தேன். தமாரா ஓடிவந்து கதவைத் திறந்தபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம். அதன் பிறகு தலைவருக்குப் போன் போனது, தலைவர் புகார் கொடுத்தார்.

அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: குபாத் என்னை மிரட்டவில்லை. என் உடம்பில் காயம் எதுவும் இல்லை, உள்ளங்கையில் கண்ணாடி குத்திய கீறல் நானே கீழே உட்கார்ந்ததால் வந்தது. அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன், எல்லாம் நிஜம். அவர் புகாரைப் பார்த்து எழுதியதால் ஓரிடத்தில் மட்டும் 'குபாத் உரக்கக் கத்தினார்' என்று விழுந்திருந்தது. அதை அடித்துவிட்டு 'தகப்பனாருக்காக அழுதார்' என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைத் தமாராவின் கடைச் சுவரில், எல்லாரும் படிக்கும்படி, என் கையாலேயே ஒட்ட அனுமதி கேட்கிறேன்.

(ஒப்பம்) தலாய்பெக் உசேனோவ்